தலைப்பும் தரவும்: துண்டு முறை பற்றிய ஆய்வினை முன்வைத்துச் சில குறிப்புகள்

வரலாற்றுத் துறையிற் சிறப்புக்கலை பயிலும் மாணவர் ஒருவர் தமது ஆய்வேட்டுக்குத் தலைப்பொன்றைத் தெரிவுசெய்ய முற்படும்பொழுது, பெரும்பாலும் பரந்ததோர் ஆர்வத்துடனேயே நூலகத்தினுட் புகுகின்றார். ‘மலையகத் தமிழர் வரலாறு’, ‘இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதாரம்’, ‘காலனித்துவமும் தொழிலாளரும்’ என்பன போன்ற தலைப்புகள் அவரது குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இடம்பெறும். சில மாதங்களின் பின்னர் அத்தலைப்பு ஒரு சட்டமாகவோ, ஒரு பத்தாண்டாகவோ, ஒரு மாவட்டமாகவோ குறுகிவிடுகின்றது. இக்குறுக்கம் இன்றியமையாததே. ஆயின் அது எவ்வாறு நிகழ்ந்தது, குறுகும்போது யார் உள்ளே நின்றனர், யார் வெளியே தள்ளப்பட்டனர் என்ற வினாக்கள் நமது ஆய்வுலகில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

தலைப்பைக் குறுக்குதல் ஆய்வுக்கு முந்திய ஆயத்தச் செயல் எனக் கருதப்படுவதுண்டு. வரலாறு எழுதுதலின் முதலாவது தீர்ப்பே அதுதான் என்பது எமது கருத்தாகும். நூலகம் தரும் வசதிகளைக் கொண்டு தலைப்பைக் குறுக்கும் ஆய்வாளர், அந்நூலகத்துக்கு நூல்களைச் சேர்த்தோரினதும் அவற்றை வகைப்படுத்தியோரினதும் நோக்கினையும் தம்மையறியாமலே ஏற்றுக்கொள்ள நேரிடுகின்றது. இதனைப் பொதுப்படக் கூறுவதிலும் எடுத்துக்காட்டொன்றின் வாயிலாக விளக்குவதே பயன்தரும். எனவே, இலங்கைப் பெருந்தோட்டங்களில் 1921ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்ட ‘துண்டு’ முறையினை எடுத்துக்கொண்டு, பரந்த ஆர்வமொன்று ஆய்வுக்குரிய வினாவாக மாறும் வழியினை இக்கட்டுரையில் நோக்குவோம்.

1. பரந்த தலைப்பின் இடர்

‘மலையகத் தமிழர் வரலாறு’ என்ற தலைப்பினை எடுத்துக்கொள்வோம். 1830களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்தமை, 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய், 1880களிற் கோப்பியின் வீழ்ச்சியும் தேயிலையின் எழுச்சியும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலத்தை இத்தலைப்பு தன்னுள் அடக்கியுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் அரசின் தன்மை வேறு. மூலதனத்தின் தன்மை வேறு. தொழிலாளரின் வருகையும் தங்குகையும் வேறு. கோப்பிக் காலத்திற் பருவத்துக்குப் பருவம் வந்து திரும்பியோர் பலர். ஆண்டு முழுவதும் உழைப்பை வேண்டிய தேயிலையோ குடும்பங்களை லயங்களில் நிலைகொள்ளச் செய்தது. இவையனைத்தையும் ஓர் ஆய்வேட்டில் அடக்க முயல்பவர், பிறர் எழுதியவற்றைச் சுருக்கித் தருவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதவராகின்றார்.

இவ்விடத்தில் நூலகத்தின் முதற் பயன்பாடு தென்படுகின்றது. தமது பரந்த ஆர்வத்தில் முன்னரே செய்து முடிக்கப்பட்டவை யாவை என்பதை மாணவர் அறிதல் வேண்டும். இதற்கு நம்மிடமுள்ள தலைசிறந்த கருவி, பேராதனைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எச். ஏ. ஐ. குணதிலக தொகுத்த இலங்கை பற்றிய நூல்விவரப் பட்டியலாகும். 1970 முதல் 1983 வரையான காலப்பகுதியில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த இப்பட்டியல், நூல்களோடு சஞ்சிகைக் கட்டுரைகளையும் பொருள்வாரியாகத் தருகின்றது. கோப்பிக் காலத் தொழிலாளர் பற்றி மைக்கேல் றொபேட்ஸ் 1966இல் எழுதிய கட்டுரை, தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிக் குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட நூல், பின்னர் பற்றிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட நூல் ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, எந்தக் காலம் ஆழமாக ஆராயப்பட்டுள்ளது, எந்த விடயம் ஓரிரு பக்கங்களில் மாத்திரம் தொட்டுச் செல்லப்பட்டுள்ளது என்பது புலனாகும். பிறருடைய அடிக்குறிப்புகளை அவர்களது முடிபுகளிலும் பார்க்கக் கவனமாக வாசிப்பது இக்கட்டத்தில் நன்று. ஒரே மூலத்தையே எல்லோரும் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகின்றனரெனின், அங்கே ஆய்வுக்கு இடமுண்டு என்பதற்கு அது ஓர் அறிகுறியாகும்.

2. நூலெண்ணும் சமூக நோக்கும்

அடுத்து மாணவர் நாடுவது நூலகத்தின் பட்டியலை. முன்னர் அட்டைப் பெட்டிகளாக இருந்தது இன்று கணினித் திரையாகிவிட்டது. ஆயினும் அதன் அடிப்படை மாறவில்லை. நமது நூலகங்கள் பலவற்றிற் பின்பற்றப்படும் தசாம்ச வகுப்பு முறை, 1876இல் அமெரிக்கரான மெல்வில் டூயி வெளியிட்டதாகும். அம்முறையின்படி தேயிலைப் பயிர் 633.72இலும் கோப்பிப் பயிர் 633.73இலும் வைக்கப்படும். தொழிலாளர் பிரச்சினை 331. குடிபெயர்வும் குடியேற்றமும் 325. பொதுச் சுகாதாரம் 614. இலங்கை வரலாறு 954.93.

இதன் விளைவை ஊன்றி நோக்குதல் வேண்டும். மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு, கடல் கடந்து, லயத்தில் வாழ்ந்து, கொழுந்து பறித்து, கடனோடு மடிந்த ஒரு பெண்ணின் வாழ்வு ஐந்து அலமாரிகளிற் சிதறிக் கிடக்கின்றது. தேயிலைக்குத் தனியிடம் உண்டு. அதனைப் பறித்த கைக்கு அவ்வலமாரியில் இடமில்லை. வகுப்பு முறையை ஆக்கியோரின் தீய நோக்கு இதற்குக் காரணமென்று கூறிவிட முடியாது. அறிவைத் துறைகளாகப் பிரித்த 19ஆம் நூற்றாண்டின் சிந்தனை, உற்பத்திப் பொருளையும் உற்பத்தி செய்தோரையும் வெவ்வேறாக்கிப் பார்த்தது என்பதே உண்மை. ஓர் அலமாரியின் முன் நின்று தலைப்பைத் தெரிவுசெய்யும் மாணவர் அப்பிரிவினையையும் சேர்த்தே தெரிவுசெய்கின்றார்.

பெயர்களும் இவ்வாறே வரலாறுடையன. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஆவணங்களில் இம்மக்கள் ‘மலபார்’ எனவும் ‘கூலி’ எனவும் குறிக்கப்பட்டனர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பாகுபாடு முதன்முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டில் இரு பிரிவினரும் தனித்தனியே ஏறக்குறைய 5 இலட்சத்து 30 ஆயிரம் பேராகக் கணக்கிடப்பட்டனர். சேர். பொன்னம்பலம் அருணாசலத்தின் பொறுப்பில் நடைபெற்ற 1901ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தகைய பாகுபாட்டைத் தேடுபவர் ஏமாற்றமடைவார். ‘மலையகத் தமிழர்’ என்ற சொல்லை மட்டும் கொண்டு பட்டியலைத் தேடும் மாணவருக்கு, அம்மக்கள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திடீரெனத் தோன்றியவர்கள் போலவே காட்சியளிப்பர். எனவே ஒவ்வொரு காலத்துக்கும் உரிய பெயர்களை முதலிற் பட்டியலிட்டுக்கொள்வது தேடலின் முதற்படியாகும். அப்பட்டியலே ஒரு சிறு வரலாற்றுக் கட்டுரையாக அமையக்கூடியது. ஆண்டோரின் பார்வை மாறியதும், மக்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டதும் அதிலே தெரியவரும்.

3. துண்டு: ஒரு காகிதமும் ஒரு சமூக உறவும்

இனித் துண்டு முறைக்கு வருவோம். இலங்கைப் பெருந்தோட்டங்களுக்கு ஆட்கள் கங்காணிமார் வாயிலாகவே பெரிதும் திரட்டப்பட்டனர். தோட்டத்திலிருந்து முற்பணம் பெற்ற கங்காணி அக்கரைக்குச் சென்று, தனது ஊராரையும் உறவினரையும் பெரும்பாலும் அழைத்து வருவான். வழிச்செலவு, ஊரிலிருந்த பழைய கடன், உணவு, உடை என யாவும் அம்முற்பணத்தின் கணக்கில் எழுதப்பட்டன. இவ்வாறு தோட்டத்துக்குக் கங்காணியும், கங்காணிக்குத் தொழிலாளியும் கடன்பட்டனர். பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார் இருந்தனர். ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்குச் செல்லும் நாளுக்கெனக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது.

ஒரு கங்காணி தனது ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், அவர்கள்மீது இருந்த கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை ஒரு சிறு காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. அதனை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாகச் செல்வான். ஆட்கள் தேவைப்படும் துரை பழைய கடனைச் செலுத்துவதோடு கங்காணிக்கு மேலும் முற்பணம் கொடுத்து அவர்களைப் பெற்றுக்கொள்வார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கடன் ஏறியது. ஏறிய தொகையிற் பெரும்பகுதி தொழிலாளியின் கைக்கு வராமலே அவரது பெயரில் எழுதப்பட்டது.

சட்டத்தின் கண்களில் இத்தொழிலாளர் ‘சுதந்திரமான’ உழைப்பாளர். பிஜி, மொரிசியஸ் முதலிய இடங்களுக்குச் சென்றோரைப்போல இவர்கள் ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்திற் கையொப்பமிடவில்லை. மாத அடிப்படையிலான வேலை. ஒரு மாத அறிவித்தலுடன் விலகும் உரிமை. ஆயின் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அறிவித்தலின்றி வேலையைவிட்டு நீங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. அறிவித்தல் கொடுத்து நீங்குவதற்கோ கடன் தடையாக நின்றது. ஆகவே சட்டம் வழங்கிய சுதந்திரத்தைக் கடன் பறித்தது. கடனிலிருந்து தப்பியோடுவதைச் சட்டம் தண்டித்தது. இவ்விரண்டும் பொருந்தும் இடத்தில் இருந்தது அச்சிறு காகிதம்.

ஆய்வுத் தலைப்பு என்ற வகையில் துண்டின் சிறப்பு இதுவே. கைக்கடக்கமான ஒரு பொருளாக இருந்துகொண்டே, மூலதனம், இடைத்தரகு, சாதி, உறவுமுறை, குற்றவியற் சட்டம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பிணைந்த முறையினை அது காட்டுகின்றது. நல்ல குறுகிய தலைப்பு எப்பொழுதும் இத்தகையதாகவே அமையும். பெரிய விடயத்தின் வெட்டியெறியப்பட்ட மூலையாக இராமல், பெரிய உறவுகள் கூடும் முடிச்சாக அது இருத்தல் வேண்டும்.

4. ஐந்து கூறுகள்

முடிச்சைக் கண்டபின்னரும் தலைப்பு முழுமை பெறுவதில்லை. இவ்விடத்தில் நூலகவியலாளர் ஒருவரின் சிந்தனை நமக்குக் கைகொடுக்கின்றது. சீர்காழியில் 1892இற் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், 1933இற் கோலன் வகுப்பு முறையினை வெளியிட்டார். ஒரு நூலின் பொருளை ஆயத்தமான பெட்டியொன்றில் இடுவதற்குப் பதிலாக, அதனைக் கூறுகளாகப் பகுத்துப் பின்னர் இணைப்பது அம்முறையின் சிறப்பு. ஆள் அல்லது மையப்பொருள், மூலப்பொருள், வினை, இடம், காலம் என்பன அவர் வகுத்த ஐந்து அடிப்படைக் கூறுகளாகும்.

நூல்களை அடுக்குவதற்கென ஆக்கப்பட்ட இம்முறையினைத் தலைப்பைக் குறுக்குவதற்கும் பயன்படுத்தலாம். துண்டு முறையில் மையமாக நிற்போர் யார்? துரையா, பெரிய கங்காணியா, சில்லறைக் கங்காணியா, தொழிலாளியா, தொழிலாளரிலும் பெண்களா? மூலப்பொருள் கடன் எனக் கொண்டால், அது முற்பணமா, கடைக்கடனா? வினை எது? கடன் பெருகியதா, ஆட்கள் கைமாறியதா, முறை ஒழிக்கப்பட்டதா? இடம் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியாவா, இறப்பர் விரிவடைந்த களுத்துறையும் களனிப் பள்ளத்தாக்குமா? காலம் யாது?

இவ்வைந்து கேள்விகளுக்கும் ஒருசேர விடையளிக்கும்போது, ‘துண்டு முறை’ என்ற பொதுத் தலைப்பு தெளிவான வினாவாகின்றது. எடுத்துக்காட்டாக: ‘இறப்பர்ப் பயிர் விரிவடைந்த ஆண்டுகளில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து களுத்துறைப் பகுதிக்குத் தொழிலாளர் கைமாறியபோது கடன்சுமை எவ்வாறு மாறியது?’ இவ்வாறு ஒரே வாக்கியத்தில் வினாக்குறியுடன் எழுத முடியாத தலைப்பு இன்னும் குறுகவில்லை என்று கொள்ளலாம். வினாவுக்கு எத்தகைய விடை கிடைத்தால் நமது எடுகோள் பிழையாகும் என்பதனையும் அதன் கீழே எழுதிவைத்தல் நன்று. எவ்விதத் தரவும் மறுக்க முடியாத எடுகோள் ஆய்வுக்குரியதன்று.

5. மூன்று அலமாரிகள், மூன்று விளக்கங்கள்

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலே தடைசெய்யப்பட்டது. ஏன் ஒழிக்கப்பட்டது என்ற வினாவை மாணவர் தெரிவுசெய்தாரெனக் கொள்வோம். எந்த அலமாரியிலிருந்து வாசிக்கத் தொடங்குகின்றாரோ, அதற்கேற்ப விடையும் மாறுபடுவதை அவர் காண்பார்.

முதலாவது அலமாரியில் 1854இல் நிறுவப்பட்ட தோட்டத்துரைமார் சங்கத்தின் நடவடிக்கை அறிக்கைகளும், ஆங்கிலப் பத்திரிகைகளும், 1908ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆணைக்குழுவின் அறிக்கையும் உள்ளன. இவற்றை மட்டும் வாசிப்பவருக்குத் துண்டு முறை துரைமாரின் பிரச்சினையாகவே தென்படும். இறப்பர் விரிவடைந்த காலத்தில் ஆட்களுக்கான போட்டி பெருகியது. முற்பணம் கட்டுக்கடங்காமல் ஏறியது. கங்காணியின் பேரம்பேசும் ஆற்றல் வளர்ந்தது. எனவே செலவைக் குறைக்கவும் கங்காணியை அடக்கவும் மூலதனமே துண்டை ஒழிக்க முற்பட்டது என்ற விளக்கம் உருவாகும்.

இரண்டாவது அலமாரி இந்தியாவைச் சார்ந்தது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக 1917இல் அம்முறையிலான குடிபெயர்வு நிறுத்தப்பட்டது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தொழிலாளர் நிலைபற்றி மார்ஜொரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோர் தயாரித்த அறிக்கையும் அதே ஆண்டில் வெளிவந்தது. 1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் நிறைவேறியது. இவற்றிலிருந்து தொடங்குபவர், ஆட்கள் வரும் வழி அடைபடுமோ என்ற அச்சமே இலங்கை அரசைச் சீர்திருத்தத்துக்குத் தூண்டியது என்பார்.

மூன்றாவது அலமாரியிற் சட்டநிரூபண சபையின் ஹன்சாட்டும் உள்நாட்டுச் சீர்திருத்தவாதிகளின் எழுத்துகளும் இடம்பெறும். அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழில் ஒப்பந்தத்தை மீறியோரைச் சிறையிலிடும் கொடுமைக்கு எதிராக வாதாடியவர். இவ்வலமாரி தரும் விளக்கம் மனிதாபிமானத்தினதும் தேசிய விழிப்பினதும் வெற்றி என்பதாகும்.

மூன்று விளக்கங்களிலும் உண்மையுண்டு. அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்பதைக் காண்பதே ஆய்வாளரின் கடன். ஒரே வகை மூலத்தை மட்டும் கொண்டு விடைகூறத்தக்க தலைப்பினைத் தவிர்க்குமாறு நாம் வேண்டுவது இதனாலேயே. தம்முள் முரண்படும் இரண்டு மூலங்களேனும் கிடைக்கின்றனவா என்பதனைத் தலைப்பை உறுதிசெய்யுமுன் பார்த்தல் வேண்டும்.

பெயர் மயக்கத்துக்கும் இங்கு ஓர் எடுத்துக்காட்டுண்டு. தோட்டத்துரைமார் சங்கத்தினாலே 1904இல் நிறுவப்பட்டு, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆட்திரட்டலை மேற்பார்வை செய்த அமைப்பும் ‘தொழிலாளர் ஆணைக்குழு’ என்றே வழங்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு விசாரணை ஆணைக்குழு அதனின் வேறானது. பட்டியலில் இவை அருகருகே தோன்றும். ஒன்று ஆட்களைத் திரட்டிய முதலாளிகளின் கருவி. மற்றையது அரசாங்கத்தின் விசாரணை. தலைப்பு அட்டையை மட்டும் நம்பாது முதற் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் எத்துணை முக்கியமானது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

6. கால எல்லை யாருடையது?

கால எல்லையை வகுப்பது வெறும் வசதி பற்றிய விடயமெனப் பலர் எண்ணுவர். துண்டு முறை பற்றிய ஆய்வினை 1908இல் தொடங்கி 1921இல் முடிப்பது மிக இயல்பானதாகத் தோன்றும். ஒரு முனையில் ஆணைக்குழு அறிக்கை, மறுமுனையிற் கட்டளைச் சட்டம். இரண்டும் அச்சில் உள்ளவை, தேதியிட்டவை, எளிதிற் கிடைப்பவை. ஆயின் இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டவுடனேயே ஆய்வின் முடிபும் ஏறத்தாழத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. பிரச்சினையை அரசு கண்டது, ஆராய்ந்தது, தீர்த்தது என்ற கதையே அங்கு எஞ்சும்.

அதே ஆய்வினை 1931வரை நீட்டினால் வேறொரு காட்சி புலப்படும். துண்டு என்ற காகிதம் மறைந்தபின் கடன் மறைந்ததா? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டமும் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் கங்காணியின் பிடியைத் தளர்த்தினவா, அல்லது அவனது கடையினூடாகக் கடன் வேறு வடிவில் தொடர்ந்ததா? 1929இன் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து அக்கரைக்கு அனுப்பப்பட்டோரின் கணக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது? கோ. நடேசையர் 1931இல் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிக் கங்காணிமுறையைத் தாக்கியதன் காரணத்தை, 1921இல் முடியும் ஆய்வு விளங்கிக்கொள்ள மாட்டாது.

சட்டம் இயற்றப்பட்ட நாளிலே ஆய்வை முடிப்பவர் ஆண்டோரின் நாட்காட்டியைப் பின்பற்றுகின்றார். அச்சட்டம் லயத்தைச் சென்றடைந்த நாளை, அல்லது சென்றடையாமற் போன வரலாற்றைத் தேடுபவரே மக்களின் நாட்காட்டியைப் பின்பற்றுபவர். ஆகவே காலம் நீளும்போது இடத்தைக் குறுக்கிக்கொள்ளுமாறு மாணவருக்கு நாம் கூறுவோம். இலங்கை முழுவதையும் 13 ஆண்டுகளுக்கு ஆராய்வதிலும், ஒரு மாவட்டத்தை 30 ஆண்டுகளுக்கு ஆராய்வது பல வேளைகளிற் சிறந்த பயனைத் தரும்.

7. அலமாரியில் இல்லாத சாட்சிகள்

மேற்கூறிய மூன்று அலமாரிகளிலும் தொழிலாளியின் குரல் மிக அருகியே கேட்கின்றது. விசாரணை ஆணைக்குழு அறிக்கை கையிற் கிடைத்ததும் முதலிற் செய்யத்தக்கது, சாட்சியமளித்தோரை எண்ணுவதாகும். துரைமார் எத்தனை பேர், உத்தியோகத்தர் எத்தனை பேர், கங்காணிமார் எத்தனை பேர், தொழிலாளர் எத்தனை பேர், அவர்களுட் பெண்கள் எத்தனை பேர்? இவ்வெண்ணிக்கை அறிக்கையின் பரிந்துரைகளைவிட அதிகமாகப் பேசக்கூடும்.

ஆயின் தரவு இல்லை என்று கூறித் தொழிலாளியை விட்டுவிட்டுத் தலைப்பைக் குறுக்குவது எளிய வழி, நியாயமான வழியன்று. தரவு வேறிடங்களில் உண்டு. ஓடிப்போனமைக்காக வழக்குத் தொடரப்பட்டோரின் விவரங்கள் நீதிமன்றப் பதிவுகளிற் கிடைக்கலாம். எங்கே அதிகமானோர் ஓடினரோ அங்கே வாழ்வு கடினமாயிருந்தது என்ற எடுகோளை அவற்றைக் கொண்டு சோதிக்கலாம். 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் அச்சான நூல்கள் பதிவு செய்யப்பட்டன. 1877இல் நிறுவப்பட்ட கொழும்பு நூதனசாலை நூலகத்துக்கு அவை சென்றன. கும்மி, சிந்து என்ற வடிவிலமைந்த மலிவுப் பிரசுரங்களையும் அப்பதிவுகளினூடாகத் தேடிப் பார்க்கலாம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களிற் கங்காணியும் துரையும் கடனும் தொழிலாளரின் வாய்மொழியாகவே இடம்பெறுகின்றனர். பாடலை ஆண்டு குறித்த ஆவணமாகக் கொள்ளல் தவறு. ஆனால் ஆணைக்குழுவின் மொழியோடு அதனை அருகருகே வைத்து நோக்கும்போது, ‘முற்பணம்’ என்று துரை கூறியதை லயத்திலிருந்தோர் எவ்வாறு அனுபவித்தனர் என்பது விளங்கத் தொடங்கும். தோட்டங்களிற் செக்ரோல் எனப்படும் பெயரேடுகள் எஞ்சியிருப்பின் அவை கிடைத்தற்கரிய செல்வமாகும். கணவனும் மனைவியும் உழைத்த நாட்களும் சம்பளமும் கழிவும் அவற்றில் வரிசையாக இருக்கும்.

நூலகத்தில் உள்ளவை யாவும் என்றும் இருக்கும் என எண்ணுவதற்கும் நமக்கு உரிமையில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் பழம் பிரசுரங்களும் அழிந்தன. நூல்களின் அழிவென்று நாம் அதனைப் பேசுகின்றோம். அவற்றை ஆதாரமாகக் கொண்டு எழுப்பியிருக்கக்கூடிய வினாக்களும் அன்று அழிந்தன. மலையகத் தொழிலாளரைப் பற்றி யாழ்ப்பாணத்துச் சமூகம் என்ன எண்ணியது, எப்போது மௌனம் சாதித்தது என்பதைப் பழைய பத்திரிகைகளைக் கொண்டு ஆராய விழையும் மாணவர், சிதறிய பிரதிகளை வேறு நூலகங்களிலும் சுவடிக்கூடங்களிலும் தேட வேண்டியவராயினார். 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இப்பணியை ஓரளவு இலகுவாக்கியுள்ளன. ஆயினும் எண்ணிம வடிவிற் கிடைப்பதை மட்டுமே ஆராயும் போக்கு, அலமாரியில் உள்ளதை மட்டுமே ஆராய்ந்த பழைய போக்கின் மறுவடிவமாக மாறிவிடக்கூடும் என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

8. முடிவாகச் சில

இதுவரை கூறியவற்றை நடைமுறை நோக்கிற் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம். பரந்த ஆர்வத்தை மறைக்காது எழுதிவைத்துக்கொண்டு, நூல்விவரப் பட்டியல்களின் துணையுடன் முன்னோர் செய்தவற்றை அறிதல்; காலத்துக்குக் காலம் மாறிய பெயர்களைத் திரட்டி, வெவ்வேறு நூலெண்களின் கீழ்ச் சிதறியவற்றை ஒன்றுசேர்த்தல்; பெரிய உறவுகள் கூடும் முடிச்சொன்றைக் காணல்; ஆள், பொருள், வினை, இடம், காலம் ஆகியவற்றால் அதனை ஒரே வினாவாக்கல்; முரண்படும் மூலங்கள் உளவா எனச் சோதித்தல்; கால எல்லை யாருடைய நாட்காட்டியைச் சார்ந்தது எனக் கேட்டல். இவ்வாறு செய்தபின்னர் தலைப்புச் சிறிதாகவே இருக்கும். ஆயின் அச்சிறுமையில் மக்கள் மறைந்துபோகமாட்டார்கள்.

கொழும்புச் சுவடிக்கூடத்திலும் இலண்டன் கியூவில் சீ. ஓ. 54 என்ற தொடரிலும் இலங்கை பற்றிய குடியேற்ற அரசின் கடிதங்கள் கட்டுக்கட்டாக உள்ளன. ஆண்டோர் தம் செயல்களை எழுதிப் பாதுகாத்தனர். எழுதப்படாதோரின் வரலாற்றை எழுத முற்படும் நமது மாணவர், அக்கட்டுகளைப் புறக்கணிக்கவும் முடியாது. அவற்றின் எல்லையைத் தமது எல்லையாக ஏற்கவும் முடியாது. துண்டு என்ற காகிதத்தில் துரையின் கையொப்பமும் கடன் தொகையும் இருந்தன. அத்தொகைக்குப் பொறுப்பாக்கப்பட்டோரின் பெயர்களைத் தேடுவதற்கு இடமளிக்கும் தலைப்பையே நமது மாணவர் தெரிவுசெய்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோளாகும்.